காலைக் காக்கும் சிலுவார்

(ஜொகூரில் கிளைக் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, மருத்துவம் என்று பெரிய விஷயங்களைப் பேசிப் பழகிய மேடை இது. இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பொருளோ ஒரு சிலுவார். மோட்டார் சைக்கிளில் போகும்போது போட்டுக்கொள்ள வேண்டிய சிலுவார். "இதைப் பேசவும் ஒரு கூட்டமா?" என்று என் வீட்டிலேயே சிரித்தார்கள். ஆனால் சென்ற ஆண்டு என் காலுக்குக் கட்டு மாற்றியவர்களும் அவர்களேதாம். அதை நினைவூட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

நடந்ததைச் சொல்லுகிறேன். விடிகாலை ஐந்தரை மணி. பிரட்டுக்கு முன்னால் ஆபீசைத் திறக்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் பாதை தார்ச்சடக்கோடு சேருகிற முனையில், இரவு பெய்த மழையில் மண் வழிந்து கிடந்தது. வேகம் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில்தான் இருக்கும். முன்சக்கரம் வழுக்கியது, நான் சடக்கில் இழுபட்டேன். தலையில் கவசம் இருந்தது, தலைக்கு ஒன்றுமில்லை. எலும்பும் முறியவில்லை. ஆனால் நான் போட்டிருந்தது ஆபீசுக்குப் போடும் மெல்லிய பாலியெஸ்டர் சிலுவார். அது கிழிந்தது மட்டுமல்ல, உரசிய சூட்டில் உருகிப் புண்ணோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்தெடுத்து, சதைக்குள் போன பொடிக்கற்களைத் தேய்த்துக் கழுவினார்களே, அந்த வேதனை விழுந்த வேதனையைவிடப் பெரிது. ஐந்து வாரம் வேலையில்லை.

தோழர்களே, இது என் ஒருவன் கதையன்று. நம் நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறாயிரம் பேர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் மூவரில் இருவர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். உயிர் தப்பியவர்களுக்கு அதிகமாக அடிபடும் இடம் கால்தான். சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் எங்கே பார்த்தாலும் தோட்டத்து மக்களின் வாகனம் அந்தக் கப்சாய்தான். பால்மரம் வெட்டப் போவதும் அதில்தான், பிள்ளையைப் பள்ளிக்கு விடுவதும் அதில்தான், பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதும் அதில்தான். தலைக்குக் கவசம் வேண்டுமென்று 1973-ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. காலுக்குச் சட்டமில்லை. ஆகையால் காலை நாமேதான் காத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அந்த வேகத்தில் விழுகிறவர் தார்ச்சடக்கில் உரசிக்கொண்டே போய் நிற்பதற்கு இரண்டு விநாடி ஆகிறது. பதினைந்து மீட்டர் தூரம் இழுபடுகிறார். சாதாரணப் பருத்தி ஜீன்சோ ஒரு விநாடிக்குள் ஓட்டையாகிவிடுகிறது. மெல்லிய சிலுவார் அதுவும் தாங்காது. மிச்சமுள்ள நேரத்துக்குச் சடக்கோடு உரசுவது எது? நம் தோல்தான். அந்த இரண்டு விநாடியைத் தாங்கும் துணியைத்தான் நாம் தேடுகிறோம்.

போன கூட்டத்தில் நான் இதைத் தொட்டுப் பேசியபோது, முன்வரிசையில் இருந்த ஓர் அக்காள் எழுந்து கேட்டார்: "தம்பி, இந்த வேக்காட்டுல அந்தத் தடிச்ச சிலுவாரை யாரு போட்டுக்குவா? நீங்க ஃபேனுக்கடியில உட்கார்ந்திருக்கீங்க, நாங்க மரத்தடியில நிக்கிறோம்."

அக்காள் கேட்டது நியாயமான கேள்வி. உண்மையில் முழுப் பொருளும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. உலகத்திலேயே உறுதியான சிலுவாரை வாங்கி, புழுக்கம் தாங்காமல் பெட்டியில் மடித்து வைத்துவிட்டால், விழுகிற அன்று அது யாரைக் காக்கும்? எனவே நமக்கு ஏற்றது மிகத் தடித்த சிலுவாரன்று. தினமும் நாம் போட்டுக்கொள்ளக்கூடிய சிலுவார். காற்று உள்ளே போக வேண்டும். முழங்காலும் இடுப்பும் பின்புறமும் தாங்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்த்து வாங்குவதே இன்றைய பாடம்.

கடையில் மூன்று வகை தொங்கும்.

முதலாவது தோல் சிலுவார். உராய்வைத் தாங்குவதில் அதற்கு ஈடு குறைவு. ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு தினமும் வேலைக்குப் போவது நடக்காத காரியம். மழையில் நனைந்தால் பளுவும் கூடும். அதை விட்டுவிடுவோம்.

இரண்டாவது, ஜீன்ஸ் போலத் தோன்றி உள்ளே அராமிட் என்னும் நூல்துணி வைத்துத் தைத்தது. கெவ்லார் என்று கடைக்காரர் சொல்வது இந்த வகை நூலைத்தான். இதற்கு ஒரு வரலாறு உண்டு. பால்மரம் வெட்டுகிற நாம் அதை அறிய வேண்டும். 1965-இல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் என்ற பெண்மணி இந்த நூலுக்கு வழி கண்டார். அவர்கள் தேடியது சிலுவார்த் துணியையன்று. மோட்டார் டயருக்குள் இரும்புக் கம்பிக்குப் பதிலாக வைக்க, கனமில்லாத உறுதியான நூலைத் தேடினார்கள். நம் வாளியில் வடிந்த பால் டயராகிறது. அந்த டயருக்காகப் பிறந்த நூல் இன்று நம் காலைக் காக்க வந்திருக்கிறது. ஆனால் இந்த ஜீன்ஸை வாங்கும்போது உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். சிலவற்றில் அந்த உள்துணி முழங்காலில் மட்டும் ஒரு கையகலம் இருக்கும். இடுப்பின் பக்கவாட்டில் ஒன்றும் இராது. நாம் விழுவதோ பெரும்பாலும் பக்கவாட்டில்தான். இடுப்பு, பின்புறம், முழங்கால் மூன்றிலும் இருந்தால்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது வலைத்துணிச் சிலுவார். தொடையின் முன்புறம் சல்லடைபோல் கண் கண்ணாக இருக்கும். ஓடும்போது காற்று புகுந்து வேர்வையை உலர்த்தும். நம் காற்றிலே ஈரம் அதிகம். வேர்வை தானாக உலராது, காற்று பட்டால்தான் உலரும். ஆகையால் வெயிலுக்கு இதுவே சுகம். ஆனால் வலை முழுவதும் வலையாக இருக்கக் கூடாது. விழுந்தால் தரையில் படுகிற இடங்களில் கெட்டித் துணி இருக்க வேண்டும். வலை காற்றுக்கு, கெட்டித் துணி சடக்குக்கு.

மழைக்கென்று உள்ளே ரப்பர்த்தாள்போல் ஒரு நீர்த்தடுப்புத் துணி வைத்துத் தைத்த சிலுவாரும் உண்டு. அதை வாங்க வேண்டாம், உள்ளே வெந்துபோவோம். மழைச் சட்டையைத் தனியாக வைத்துக்கொண்டு, பெய்யும்போது மேலே மாட்டிக்கொள்வதே நமக்கு ஏற்றது. அந்த பிளாஸ்டிக் மழைச் சட்டை விழும்போது ஒரு காவலும் தராது என்பதையும் மறவாதீர்கள்.

கடைக்காரர் சொல்வதை நம்புவதா என்று கேட்பீர்கள். உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். ஐரோப்பாவில் 2020-இல் வந்த தர அளவின் எண் 17092. அந்த எண்ணும், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவரின் சிறு படமும், ஓர் எழுத்தும் சீட்டில் இருக்கும். ஏ, ஏ.ஏ, ஏ.ஏ.ஏ என்று எழுத்து கூடக்கூட உறுதி கூடும். பெரும்பாலும் கனமும் புழுக்கமும் கூடும். இடுப்பும் முழங்காலும் படும் இடத்தில் ஏ வகுப்புக்கு மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்துக்கு ஒப்பான உராய்வுச் சோதனை, ஏ.ஏ.ஏ வகுப்புக்கு 120 கிலோமீட்டர். தோட்டத்துக்கும் டவுனுக்கும் மெதுவாகப் போய்வருகிறவருக்கு ஏ போதும். பெரிய சாலையில் தினமும் வேகமாகப் போகிறவர் ஏ.ஏ வகுப்பில் காற்றோட்டமானதைத் தேட வேண்டும். பி என்ற எழுத்து இருந்தால் துணி உண்டு, முழங்கால் காப்பு இல்லை என்று பொருள். சி என்றால் காப்பு உண்டு, உராய்வைத் தாங்கும் துணி இல்லை. முழங்கால் காப்பின் மேல் 1621-1 என்ற எண் இருக்க வேண்டும். அதில் முதல் நிலையைவிட இரண்டாம் நிலை அடியை அதிகம் தாங்கும்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 2018-இல் மோட்டோகேப் என்றொரு திட்டம் தொடங்கின. கம்பெனி கொடுக்கும் மாதிரியை அவர்கள் சோதிப்பதில்லை. சாதாரண ஆள்போலக் கடையில் வாங்கிச் சோதிக்கிறார்கள். காவலுக்கு ஒரு மதிப்பு, வெயிலில் சுகத்துக்கு ஒரு மதிப்பு எனத் தனித்தனியே நட்சத்திரம் போட்டு யாரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் கைப்பேசியிலேயே எடுத்துக் காட்டுவார்கள். வாங்குமுன் பார்ப்பது நல்லது.

அளவு பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. கண்ணாடிக்கு முன் நின்று பார்த்து வாங்காதீர்கள். நாம் விழுவது நின்றுகொண்டா? மோட்டாரில் உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்தபின் காப்பு முழங்கால் சில்லின்மேலேயே நிற்க வேண்டும், மேலேயோ பக்கத்திலோ நழுவக் கூடாது. கால் நுனி ஏறிக் கணுக்கால் தெரிந்தால் புகைக்குழாய் சுட்டுவிடும். கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். காப்பு சுற்றினால் விழும்போதும் சுற்றும்.

இனி அக்காள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மரத்தடியில் அதைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் முழு நீளத்துக்கு ஜிப் வைத்த மேல்சிலுவார் கிடைக்கிறது. வேலைச் சிலுவாரின் மேல் மாட்டிக்கொண்டு போகலாம். நிரைக்குப் போனதும் கழற்றி, பால் படாத இடத்தில் தொங்கவிடலாம். பால் பட்டுக் காய்ந்தால் வலையின் கண்கள் அடைபட்டுவிடும். கிராணிகளும் அப்படியே ஆபீசில் கழற்றி வைக்கலாம். துவைக்கும்போது காப்புகளை எடுத்துவிட வேண்டும். கிளோராக்ஸ் போன்ற வெளுப்பு மருந்து ஊற்றக் கூடாது. நிழலில் உலர்த்த வேண்டும். அந்த அராமிட் நூலுக்கு வெளுப்பு மருந்தும் வெயிலும் ஆகாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பின்னால் உட்கார்ந்து போகிறவருக்கும் விழுகை ஒன்றே. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்குவதை நாம் கண்டிருக்கிறோம். ஆண்களே, கைலியோடு கடைக்குப் போவதும் அப்படித்தான். "பக்கத்துக் கடைதானே" என்பார்கள். பக்கத்துச் சடக்கு பஞ்சால் ஆனதா?

இந்தச் சிலுவாரால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆஸ்திரேலியாவில் விபத்துக்குள்ளான 212 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். மோட்டார் சைக்கிள் சிலுவார் போட்டிருந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அதே ஆய்வில், அணிந்திருந்த சிலுவார்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விபத்தில் துணி கிழிந்து தோற்றுப்போயின. பெயர் மட்டும் இருந்தால் போதாது, தரம் வேண்டும் என்பதே இதன் பொருள். தோலைக் காக்கும் அளவுக்கு எலும்பைத் துணி காக்காது. தலைக்கவசம், நல்ல விளக்கு, நிதானமான வேகம், இவற்றுக்குப் பிறகே சிலுவார்.

பணத்துக்கு என்ன செய்வது? சில நூறு வெள்ளி என்பது நமக்குச் சிறு தொகையன்று. ஒரேயடியாக முடியாதவர் முதலில் மெல்லிய சிலுவாரை விட்டுவிட்டுத் தடித்த ஜீன்சும் தனியாக ஒரு ஜோடி முழங்கால் காப்பும் வாங்கட்டும். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கடைக்காரர் விலை குறைப்பார். கல்யாணத்துக்குக் கூட்டுச் சீட்டுப் பிடிக்கிற நாம் காலுக்காகவும் பிடிக்கலாம். வேலைக்காகவே தோட்டத்துக்குள் மோட்டாரில் ஓடுகிறவர்கள் நிர்வாகத்திடமே கேட்க வேண்டும். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவில் இதை எழுப்புங்கள்.

வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்குச் சொக்சோவில் உதவி கேட்க நமக்கு உரிமை உண்டு. விழுந்தால் உடனே அறிவியுங்கள். வேலை இழந்த நாட்களுக்கு அந்தப் பணம் கைகொடுக்கும். ஆனால் போன தோலுக்கு எந்த அலுவலகமும் வேறு தோல் தராது.

என் முழங்காலில் இன்றும் கறுத்த தழும்பு இருக்கிறது. உள்ளே ஓரிரு பொடிக்கல் தங்கிவிட்டதாகவே தோன்றுகிறது; மழை நாளில் உறுத்தும். இப்போது நான் வலைத்துணிச் சிலுவார் போட்டுத்தான் வருகிறேன். புழுக்கம் கொஞ்சம் உண்டு. பத்து நாளில் பழகிவிட்டது. நாளை விடிகாலை ஐந்தரைக்கு நீங்களும் அந்த முனையைத் தாண்டுவீர்கள். மண் அங்கேயேதான் கிடக்கும். போட்டுக்கொண்டு போங்கள், தோழர்களே.