அப்பாவோட ஜீப்பை 24-ல் ஒரு பங்கா சுருக்கின கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

வழக்கமா இங்க கோடிங், வேலை, சம்பளம்னு பேசுவோம். இன்னைக்கு லேப்டாப்பை மூடி வச்சுட்டு வேற ஒரு விஷயம். ஸ்கேல் மாடல் கார். அதாவது நிஜ வண்டியை அளவு மாறாம சுருக்கி, பார்த்தா நிஜம்னே நம்புற மாதிரி செய்யறது. எனக்கு இது ஆறு வருஷப் பழக்கம். ஆனா இதை எப்படிப் பண்ணணும்னு கத்துக்கிட்டது ஒரே ஒரு வண்டியில. எங்க அப்பா வருசநாட்டுல ஓட்டின ஜீப்.

ஊர் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். தேனியில இருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை தாண்டிப் போனா வருசநாடு. மூல வைகை அந்த மலையில இருந்துதான் இறங்கி வருது. தென்னை, முருங்கை, இலவமரம். வருசநாட்டுக்கு மேல வாலிப்பாறை, அரசரடின்னு போகப் போக ரோடு பாதையாயிரும், பாதை பாறையாயிரும். அங்கெல்லாம் ஜீப்தான் பஸ், ஜீப்தான் லாரி, ராத்திரி உடம்பு சரியில்லைன்னா ஜீப்தான் ஆம்புலன்ஸ்.

அப்பா வச்சிருந்தது மஹிந்திரா சிஜே-3பி. உயரமான பானட், தட்டையான மட்கார்டு. நான் இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம் அதை வித்துட்டார். எதுக்காக வித்தார்னு அவர் சொல்லல, நானும் கேக்கல. அம்மா ஒரு தடவை சொன்னாங்க. வீட்டுல அந்த வண்டிக்கு இருக்கிறது ஒரே ஒரு போட்டோ. அதுலயும் பாதி வண்டியை எங்க சித்தப்பா மறைச்சுக்கிட்டு நிக்கிறார்.

வேலைக்குச் சேர்ந்ததும் அந்த வண்டியைச் செஞ்சு அப்பாவுக்குக் குடுக்கணும்னு முடிவு பண்ணேன்.

முதல்ல ஸ்கேல். நான் எடுத்தது 1/24. கார் மாடலுக்கு இது ரொம்பப் பழகின அளவு. நம்ம பட்டறைக் கணக்குக்கும் சுலபம்: நிஜத்துல ஒரு அடி, மாடல்ல அரை இஞ்ச். ஜீப்போட முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 80 இஞ்ச், அதாவது 2032 மில்லிமீட்டர். 24-ஆல வகுத்தா 84.7. 16 இஞ்ச் ரிம் 16.9 மில்லிமீட்டர். இப்படி ஒவ்வொண்ணையும் வகுத்து ஒரு தாள்ல எழுதி வச்சுக்குங்க. கண் அளவை நம்பாதீங்க. வீல் ரெண்டு மில்லி பெருசாப் போனா போதும், ஜீப் பொம்மையாயிரும்.

அடுத்தது கிட். நம்ம சிஜே-3பி 1/24-ல எனக்குக் கிடைக்கல. அதனால இத்தாலேரியோட வில்லிஸ் எம்பி கிட்டை வாங்கினேன். இரண்டாம் உலகப் போர்ல ஓடின ஜீப் அது. நம்ம ஊர் ஜீப்போட தாத்தான்னு வச்சுக்கலாம். வீல்பேஸ் ரெண்டுக்கும் அதே 80 இஞ்ச். ஆனா தாத்தாவும் பேரனும் ஒரே ஜாடை இல்லை. வில்லிஸ் எம்பி கிரில்ல ஒன்பது துளை, சிஜே-3பில ஏழு. எம்பி ஹெட்லைட் சின்னது, உள்ள தள்ளி இருக்கும். எம்பிக்குப் பின்னாடி கதவு கிடையாது, சிஜேக்கு உண்டு. சிஜே-3பிக்குள்ள உக்கார்ந்த ஹரிக்கேன் இன்ஜின் பழசை விட உயரம். அதனாலதான் பானட்டே மேல ஏறிச்சு. எல்லாத்துக்கும் மேல, எம்பிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். நம்ம ஊருக்கு வலது பக்கம் மாத்தணும்.

பொருளுக்கு ரொம்ப அலைய வேண்டாம். பிளாஸ்டிக் ஷீட் கிடைக்கலைன்னா காலாவதியான ஏடிஎம் கார்டு. பானட்டை உயர்த்தினதும், புது கிரில் வெட்டினதும் அதுலதான். இடுக்கு அடைக்க ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு, மேல சமையல் சோடா தூவுங்க. சில நொடியில கல்லாயிரும். பெரிய பள்ளத்துக்கு எம்-சீல். அப்புறம் உப்புத்தாள்: 400, 800, 1200-ன்னு படிப்படியா, தண்ணி தொட்டுத் தேய்ங்க. பட்டறையில பட்டி பார்க்கிற அதே வேலைதான், கை மட்டும் சின்னதாகணும்.

இவ்வளவும் பண்ணி, பளபளன்னு பச்சை பெயிண்ட் அடிச்சு, தீபாவளிக்கு ஊருக்குக் கொண்டு போனேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "நல்லாருக்குப்பா"ன்னு சொல்லி டிவி மேல வச்சுட்டார். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான், "ஷோரூம் வண்டி மாதிரி இருக்கு. நான் ஷோரூம் வண்டி ஓட்டினதே இல்ல"ன்னார்.

அங்கதான் எனக்கு உறைச்சது. ரெக்வயர்மென்ட் கேக்காமலே கோடு எழுதி முடிச்ச கதை. ஜீப் எப்படி இருக்கும்னு இன்டர்நெட்ல தேடினேன். இந்த ஜீப் எப்படி இருந்துச்சுன்னு, அதை ஓட்டின மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

சென்னைக்குத் திரும்பினதும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் போட்டேன். எங்க போன் பேச்சு அதுவரைக்கும் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்ப்பா", "இந்தா அம்மாட்ட குடுக்குறேன்". அவ்வளவுதான். இப்ப கேள்வி இருந்துச்சு. "அப்பா, வண்டி கம்பெனி கலரா?" அதுக்கு அவர்: "கம்பெனி கலரெல்லாம் எப்பவோ போயிருச்சு. நான் வாங்கறப்ப நீலம். அதுக்கு மேல நாந்தான் பச்சை அடிச்சேன். மழைக்காலத்துல அங்கிட்டு இங்கிட்டு உரிஞ்சு நீலம் எட்டிப் பார்க்கும்."

பாருங்க, இந்த ஒரு பதில்ல என் பெயிண்ட் வேலை மொத்தமும் மாறிப்போச்சு. கீழ துரு நிறம், அதுக்கு மேல நீலம், மேல பச்சை. உரிய வேண்டியது அந்த வரிசையிலதான்.

இதுக்கு ஹேர் ஸ்ப்ரே முறை இருக்கு. அடி நிறத்தை அடிச்சுக் காய விட்டு, லாக்கர் பூசி மூடுங்க. அது நல்லாக் காஞ்சதும், கடையில விக்கிற சாதா ஹேர் ஸ்ப்ரே ரெண்டு கோட். அது மேல தண்ணியில கரையற அக்ரிலிக் பெயிண்ட்ல மேல் நிறம். காஞ்ச ஒரு மணி நேரத்துக்குள்ள, ஈரமான பழைய டூத் பிரஷ்ஷால மெல்லத் தட்டித் தேய்ங்க. தண்ணி உள்ள இறங்கி ஹேர் ஸ்ப்ரே கரையும், பெயிண்ட் நிஜமாவே உரியும். வரைஞ்ச உரிசல் வரைஞ்ச மாதிரிதான் இருக்கும், இது அப்படி இருக்காது.

பெயிண்டைப் பத்தி இன்னும் ரெண்டு விஷயம். ஒண்ணு, கோட் மெல்லிசா இருக்கணும். மாடல்ல 0.1 மில்லி தடிமன்னா நிஜ வண்டியில அது 2.4 மில்லி. அவ்வளவு தடியா யாரும் பெயிண்ட் அடிக்க மாட்டாங்க. ரெண்டு தண்ணிப் பதக் கோட், ஒரு தடிக் கோட்டை விட மேல். இன்னொண்ணு, நிஜ நிறத்தையே அடிக்காதீங்க. சின்னப் பொருள்ல நிறம் கண்ணுக்கு அடர்த்தியாத் தெரியும். பச்சையில கொஞ்சம் வெள்ளையோ வெளிர் மஞ்சளோ கலந்து வெளுக்க விடுங்க.

இப்ப முக்கியமான இடம். யூடியூப்ல எல்லா வீடியோவும் சொல்றது, "ஓரத்துல பெயிண்ட் உரியும், ஓரத்துல உரிங்க." நானும் மட்கார்டு ஓரம், பானட் ஓரம்னு உரிச்சு போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்பா போன் பண்ணார்.

"ஓரமெல்லாம் சரி. மட்கார்டு மேல என்னப்பா பெயிண்ட் அப்படியே இருக்கு?"

"மேல எதுக்குப்பா போகும்?"

"ஆளு உக்காருவாங்கல்ல."

சிஜே-3பி மட்கார்டு தட்டையா ஒரு திண்ணை மாதிரி இருக்கும். உள்ள இடம் இல்லைன்னா ரெண்டு பேர் அதுல உக்காருவாங்க. சின்ன வயசுல நானே உக்கார்ந்திருக்கேன். அப்பா சொன்னார்: "இடது மட்கார்டு நடுவுல அமுங்கியே போச்சு. பெயிண்ட் போயி, தகரம் பளபளன்னு இருக்கும். துருப் பிடிக்காது. துருப் பிடிக்க நேரம் குடுத்தாத்தானே?"

ஒரு விஷயம் சொல்லிடறேன். அப்படி ஆள் ஏத்துறது ஆபத்து. அதை நான் ரொமான்டிக்காச் சொல்லல. வேற வண்டி இல்லாததால நடந்தது அது. ஆனா மாடல் பண்றவனுக்கு அந்தப் பதில்ல ஒரு பெரிய பாடம் இருக்கு. கல் பட்டு உரிஞ்ச இடம் துருப் பிடிக்கும். தினமும் கையும் காலும் துணியும் உரசுற இடம் துருப் பிடிக்காது, மினுங்கும். ரெண்டும் வேற வேற காயம். ஒரு அடையாளத்தை வைக்கிறதுக்கு முன்னாடி, இதை யார் பண்ணினா, எதால பண்ணினான்னு கேளுங்க. பதில் இல்லைன்னா அந்த அடையாளம் வேண்டாம்.

மினுக்கம் கொண்டு வர்றது ரொம்ப சுலபம். 6பி பென்சிலை உப்புத்தாள்ல தேய்ச்சு, அந்தத் தூளை விரல் நுனியில தொட்டு, உலோகம் தெரிய வேண்டிய இடத்துல தடவுங்க. இரும்பு மாதிரியே ஆயிரும். மட்கார்டு மேல, பின் கதவோட மேல் விளிம்புல, கால் வச்சு ஏறுற பம்பர்ல, ஸ்டியரிங்கோட ரெண்டு பக்கமும் அப்படித்தான் பண்ணேன். மட்கார்டு அமுங்கினதுக்கு, ஹேர் டிரையர்ல சூடு காட்டி ஸ்பூன் பின்பக்கத்தால மெல்ல அழுத்தினேன். முதல் மட்கார்டு உருகிப் போச்சு, ரெண்டாவதுதான் வந்துச்சு. அதனால இதை முதல்ல வேண்டாத பாகத்துல பழகிப் பாருங்க.

மேல் படுதாவுக்கு டிஷ்யூ பேப்பர். மடிப்புல ஒரு அடுக்கை மட்டும் பிரிச்சு எடுத்து, தண்ணி கலந்த ஃபெவிகால்ல நனைச்சு, செம்புக் கம்பியில செஞ்ச வளைவுக் கூண்டு மேல போடுங்க. ஈரம் இருக்கும்போதே சுருக்கம் வச்சு விடணும். காஞ்சா விறைச்சுக்கும்.

கடைசியா தூசி. இதுக்கு ஊர்ல இருந்து மண்ணே எடுத்துட்டு வந்தேன், வாலிப்பாறை ரோட்டோரச் செம்மண். உண்மையான மண்ணைப் போட்டா உண்மையா இருக்கும்னு நினைச்சேன். தப்பு. அரை மில்லி மணல் துகள் 1/24-ல 12 மில்லி கல். வண்டி மேல ஜல்லி கொட்டின மாதிரி ஆயிருச்சு. மண்ணும் சுருங்கணும். அம்மியில அரைச்சு, பழைய வேட்டித் துணியை ரெண்டா மடிச்சு சலிச்சேன். முகப் பவுடர் மாதிரி விழறதுதான் வேணும். பிரஷ்ஷால தூவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஒரு ஓரத்துல தொட்டு விட்டா, தானாப் பரவி மண்ணைப் பிடிச்சுக்கும். ஜன்னலைத் திறந்து வச்சுக்குங்க, பக்கத்துல நெருப்பு வேண்டாம். அரைக்கும்போது மாஸ்க் போடுங்க.

தூசி எங்க இருக்கணும்ங்கிறதுக்கும் அதே கேள்விதான். பின் பக்கம் முன் பக்கத்தை விட அதிகம், ஏன்னா தன் சக்கரம் கிளப்புற புழுதி தன் முதுகுலதான் விழும். ஆத்தைக் கடந்து வந்த வண்டின்னா சக்கரத்து உயரம் வரைக்கும் சேறு காஞ்ச கோடு. கண்ணாடியில வைப்பர் துடைச்ச விசிறி வடிவத்தை டேப்ல வெட்டி ஒட்டிட்டு, தூசி போட்டு, டேப்பை உரிங்க. ஆள் உக்காருற இடத்துல தூசியே இருக்கக்கூடாது.

அம்மா ஒண்ணு சொன்னாங்க: "இலவங்காய் சீசன்ல வண்டி பூரா பஞ்சா இருக்குமே, அதை வைக்கலையா?" வச்சுப் பார்த்தேன். பஞ்சு இழை இந்த அளவுக்கு ரொம்பத் தடி, கயிறு மாதிரி தெரிஞ்சுது. எடுத்துட்டேன். உண்மையா நடந்ததுதான், ஆனா இந்த அளவுல பொய்யாத் தெரியுது. அதையும் ஏத்துக்கணும்.

எல்லாம் முடிஞ்சு மிச்சம் இருந்தது நம்பர் பிளேட். எனக்கு அந்த நம்பர் மனப்பாடம். டீக்கல் பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, ஒட்டறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட, "எழுத்து மஞ்சளா வெள்ளையா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சொன்னார்.

"நம்பர் போடாதப்பா. அது இப்ப வேறொருத்தர் வண்டி."

போடல. பிளேட் வெறும் கறுப்பாத்தான் இருக்கு. பொங்கலுக்குக் கொண்டு போய்க் குடுத்தேன். இந்தத் தடவை டிவி மேல வைக்கல. உள்ளங்கையில வச்சு, கட்டை விரலால அந்த இடது மட்கார்டைத் தடவிப் பார்த்தார். "எம்புட்டு பேரு உக்கார்ந்தாங்க"ன்னார். அப்புறம் அந்த ரோட்டுல ஓட்டின கதையைச் சொல்ல ஆரம்பிச்சார். ராத்திரி பத்தரை வரைக்கும். நான் பதினெட்டு வருஷம் இருந்த வீட்டுல, அதுவரைக்கும் கேக்காத கதைங்க.

போன மாசம் ஊருக்குப் போனப்ப பார்த்தேன். மட்கார்டுல நான் தடவின பென்சில் மினுக்கம் இன்னும் கொஞ்சம் பெருசாகியிருக்கு. நான் பண்ணினது இல்ல.

உங்க வீட்டுலயும் வித்துப்போன வண்டி ஒண்ணு இருக்கும். டிவிஎஸ் 50, அம்பாசடர், டிராக்டர், எதுவா இருந்தாலும் சரி. கிட் வாங்கறதுக்கு முன்னாடி அதை ஓட்டினவங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க. முதல் கேள்விக்கு நான் சொல்றது இதுதான்: "வண்டியில எந்த இடம் தேஞ்சு போயிருந்துச்சு?"

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.