‘கம்’ என்றொரு சிறிய வினை



தமிழ் கற்பிக்கின்ற ஒருவன் இலக்கிய நிகழ்ச்சியொன்றில் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிப் பேச முன்வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நாம் ‘வா’ என்னுமிடத்தில் ஆங்கிலத்தார் வழங்கும் ‘கம்’ என்பதே அச்சொல். ஆரம்ப வகுப்பிலேயே படித்துவிடும் சொல்தான். ஆயினும் அதைப் பிழையறக் கையாள்வதற்கு, யாரோடு பேசுகிறோம், எங்கே நிற்கிறோம், எந்த ஊர் நம்முடையது என்பனவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் திசையைப் பார்ப்போம். பேசுபவரை நோக்கியோ கேட்பவரை நோக்கியோ நிகழும் பெயர்ச்சிக்கு ‘கம்’. வேறோரிடத்தை நோக்கியதற்குக் ‘கோ’. தொலைபேசியில் நண்பனிடம், ‘நாளைக்கு உன் வீட்டுக்கு வருகிறேன்’ என்கிறோம். ஆங்கிலத்திலும் ‘ஐ வில் கம் டு யுவர் ஹவுஸ்’ என்பதே முறை. வீட்டாரிடம் ‘சந்தைக்குப் போகிறேன்’ என்னும்போது ‘கோ’ வந்துவிடும். இதனை நம் பிள்ளைகள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலை ஆகிய இரண்டிடத்துக்கும் உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே வகுத்து வைத்திருக்கிறார். அந்தச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868 இல் அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். இரு மொழியும் ஒருவரிடத்தே பகையின்றி வாழும் என்பதற்கு அவரே நமக்குச் சான்று.

ஆனால் தாய்மொழி நம்மை வழுக்கி விழுத்தும் இடங்களும் உண்டு. ‘வீட்டுக்கு வந்தேன்’ என்பதில் நான்காம் வேற்றுமை உருபு இருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மாணவர் ‘ஐ கேம் டு ஹோம்’ என எழுதுவர். ‘ஹோம்’ என்னும் சொல்லுக்கு அங்கே ‘டு’ வேண்டியதில்லை. ‘ஐ கேம் ஹோம்’ என்பதே சரி. ‘நேற்று வந்தாயா?’ என்பதற்கு ‘டிட் யூ கேம்’ என்பர். இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமந்துவிட்டது. ஒரு சுமையை இருவர் தலையில் ஏற்றுவானேன்? ‘டிட் யூ கம்’ என்றாலே போதும்.

இவற்றினும் நுட்பமானது, ‘வேர் டூ யூ கம் ஃப்ரம்?’ என்ற கேள்வி. ‘வேர் ஆர் யூ கமிங் ஃப்ரம்?’ என்றால், இப்போது எங்கிருந்து வந்துகொண்டிருக்கிறீர் என்று பொருள். முதலாவது கேள்வியோ உம்முடைய ஊர் எது என்று கேட்கிறது.

2015 ஆம் ஆண்டளவில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன், தன்னைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் ‘ஐ கேம் ஃப்ரம் மயிலிட்டி’ என எழுதியிருந்தான். ஆங்கில ஆசிரியை ‘கேம்’ என்பதை வெட்டிக் ‘கம்’ என்று திருத்தியிருந்தார். அவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, இடைவேளையில் கொப்பியோடு என்னிடம் வந்தான்.

“சேர், நான் மயிலிட்டியைக் கண்ணாலையும் காணேல்லை. அம்மா அப்பா தொண்ணூறிலை இடம்பெயர்ந்தவை. நான் முகாமிலை பிறந்தனான். அங்கையிருந்து வாறன் எண்டு எழுதினால் பொய்யெல்லோ?”

நான் சொன்னேன்: “தம்பி, நீர் முதலிலே எழுதினதுதான் பொருந்தாது. ‘கேம்’ எண்டால் அங்கையிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்தது போலக் கிடக்கும். ரீச்சர் திருத்தினது உம்முடைய ஊரைச் சொல்லுது. ஊர் இறந்தகாலத்துக்குப் போகாது.”

தமிழில் ‘என் ஊர் மயிலிட்டி’ என்போம். அதில் வினையுமில்லை, காலமுமில்லை. ஆங்கிலத்துக்கு வினை இன்றியமையாததாகையால், அது நிகழ்காலத்தைத் தெரிந்தெடுத்துக்கொண்டது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபோது அவனுடைய நினைவுதான் எனக்கு வந்தது. அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்தைக்கூட அவன் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இறுதியாக, நம்மவர் ஆங்கிலத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு தொடர்: ‘ஐ வில் கோ அன்ட் கம்’. ‘போட்டு வாறன்’ என்பதன் நேர்ப்பெயர்ப்பு இது. விடைபெறும்போது ஆங்கிலத்தார் இவ்வாறு சொல்வதில்லை. ‘ஐ வில் பி பேக்’ என்றோ, வேறு வகையாகவோ சொல்வர். பரீட்சையில் அப்படித்தான் எழுத வேண்டுமென்று நானும் மாணவருக்குச் சொல்லுகிறேன். ஆனால், பிழை அந்த மொழிபெயர்ப்பிலேயன்றி அதன் பின்னுள்ள மனத்திலே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுகிறேன். போகிறேன் என்று மட்டும் சொல்லிப் படி இறங்குவதை நம் பெரியவர்கள் பொறுக்கமாட்டார்கள்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு. வலிகாமத்துச் சனமெல்லாம் தென்மராட்சியை நோக்கி மழையிலும் சேற்றிலும் நடந்துகொண்டிருந்த நேரம். சிறுவனாகிய நான் சைக்கிளைப் பிடித்தபடி ஒழுங்கையில் நின்றேன். அம்மம்மா படலையைச் சாத்திவிட்டு, இருட்டில் கிடந்த வீட்டைத் திரும்பிப் பார்த்து, “போட்டு வாறம்” என்றார். அங்கே கேட்பதற்கு ஒருவரும் இருக்கவில்லை.

ஏறத்தாழ ஆறு மாதங்களின் பின் நாங்கள் திரும்பி வந்தோம். அம்மம்மா வரவில்லை, தென்மராட்சியிலேயே கண்மூடிவிட்டார்.

பின்னாளில் தொல்காப்பியம் படித்தபோதுதான் அந்தச் சொல்லின் இலக்கணம் எனக்கு விளங்கிற்று. வருதல் முன்னிலைக்கு உரியது. படிப்பறியாத கிழவி, தன் வீட்டை முன்னிலையாக்கி அதனோடு பேசியிருக்கிறார். அவர் சொல்லிலே வழு இல்லை.

நேயர்களே, மீண்டும் சந்திப்போம். போய் வருகிறேன். வணக்கம்.