பூட்டைத் திறக்க மறந்தால் என்ன ஆகும்?

இந்த எபிசோடை கொடைக்கானலில் உட்கார்ந்து பதிவு பண்றேன். பின்னாடி தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

மழைக்காலத்தில் வத்தலகுண்டிலிருந்து மேலே ஏறியவர்கள் இதைப் பார்த்திருப்பீங்க. மண் சரிந்து பாதி ரோடு போயிருக்கும். ஒரு வண்டி போகிற அகலம்தான் மிச்சம். இரண்டு முனையிலும் ஒவ்வொருத்தர் நிற்பார், ஆனால் நடுவில் வளைவு, ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாது. மேலேயிருந்து வருகிற கடைசி வண்டிக்காரர் கையில் ஒரு சிவப்புத் துணியைக் கொடுத்து விடுவாங்க. அது கீழே வந்து சேர்ந்த பிறகுதான் கீழே நிற்கிற வண்டிகள் ஏறலாம். கம்ப்யூட்டரில் இதுக்குப் பேர்தான் லாக்.

சரி, துணியை வாங்கின வண்டி பாதியிலேயே ஏதோ ஒரு காபி எஸ்டேட் பாதையில் திரும்பிப் போயிடுச்சுன்னா? ரோடு காலியாகத்தான் கிடக்கும். ஆனாலும் ஒரு வண்டிகூட நகர முடியாது.

லினக்ஸ் கர்னலில் பல வருஷமாக நடந்த கூத்து இதுதான். கர்னல் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் சி மொழியில். ஒரு ஃபங்ஷன் ஆரம்பத்தில் மியூடெக்ஸைப் பூட்டும், வேலையைச் செய்யும், கடைசியில் திறக்கும். நேராகப் போனால் பிரச்சினை இல்லை. ஆனால் நடுவில் மெமரி கிடைக்கவில்லை, டிவைஸ் பதில் சொல்லவில்லை என்று ஐந்தாறு இடங்களில் சீக்கிரமே வெளியேற வேண்டி வரும். ஒவ்வொன்றும் ஒரு எஸ்டேட் பாதை. அங்கெல்லாம் திறக்கும் வரியை மறக்காமல் எழுதணும். அதனால்தான் ‘கோடூ’ போட்டு எல்லோரையும் ஃபங்ஷனின் அடிப்பகுதிக்கு அனுப்பி, அங்கே ஒரே இடத்தில் திறப்பது வழக்கமாச்சு. காலேஜில் கோடூ பாவம்னு சொல்லிக் கொடுப்பாங்க. கர்னலில் அதுதான் ஒழுக்கம்!

அப்படியும் தவறும். பிழை நேர்கிற பாதையை யார் தினமும் ஓட்டிப் பார்க்கிறாங்க? தவறினால், அடுத்து அந்தப் பூட்டைக் கேட்கிற ப்ராசஸ் தூங்கப் போய் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ‘கில்’ கொடுத்தாலும் சாகாது. 120 வினாடி கழித்து, இது மாட்டிக்கிட்டிருக்குன்னு லாகில் ஒரு எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். கடைசியில் ரீபூட்தான் வழி. உங்க லேப்டாப்னா பட்டனை அழுத்திடலாம். மன்னவனூர் பக்கம் ஆளில்லாத மேட்டில் மழை அளக்கிற ஒரு பெட்டி லினக்ஸில் ஓடுதுன்னு வைங்க, அந்தப் பட்டனை அழுத்த ஒருத்தர் மலையேறணும்.

2023 ஆகஸ்டில் வந்த லினக்ஸ் 6.5-இல் பீட்டர் ஸெயில்ஸ்ட்ரா இதுக்கு ஒரு வழி கொண்டுவந்தார். ‘கார்ட்’ என்று ஒரே வரி. அந்த வரியில் பூட்டு விழும். அதைச் சுற்றியிருக்கிற நெளிவு அடைப்பைவிட்டு எந்த வழியாக வெளியேறினாலும் கம்பைலரே திறந்துவிடும். எஸ்டேட்டுக்குத் திரும்பினாலும் துணி தானாகக் கைமாறிடும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு மாறியின் ஆயுள் முடியும்போது இந்த ஃபங்ஷனைக் கூப்பிடுன்னு சொல்கிற வசதி ஜிசிசி கம்பைலரில் ரொம்ப நாளாகவே இருக்கு. சி++ காரங்க இதை எப்பவோ பண்ணிட்டாங்க, ரஸ்ட் மொழியில் இதுதான் இயல்பே. மாறிகளை எல்லாம் பிளாக்கின் தலையிலேயே அறிவிக்கணும்னு கர்னலில் இருந்த கம்பைலர் எச்சரிக்கையைக்கூட இதுக்காக எடுத்துட்டாங்க.

ஆனால் எல்லோருக்கும் இது பிடிச்சிடலை. நெட்வொர்க்கிங் பகுதியைப் பராமரிக்கிறவங்க, 20 வரிக்கு மேல் போகிற ஃபங்ஷனில் கார்ட் வேண்டாம்னு எழுதியே வெச்சிருக்காங்க. பூட்டு எங்கே திறக்குதுன்னு கண்ணுக்குத் தெரியலைங்கிறது அவங்க குறை. நியாயமான குறைதான். துணி தானாகக் கைமாறுதுன்னு ஆனதும், அதை எவ்வளவு தூரம் கையில் வெச்சிருக்கோம்னு யாரும் கணக்குப் பார்க்கிறதில்லை. ஃபங்ஷனின் முதல் வரியில் கார்டைப் போட்டுட்டு, கடைசிவரை தேவையே இல்லாமல் பூட்டைப் பிடிச்சுக்கிட்டே போறது ரொம்ப சுலபம். அதுக்குத்தான் ‘ஸ்கோப்டு கார்ட்’னு இன்னொன்று இருக்கு. பூட்டுக்குள் நடக்க வேண்டிய இரண்டு மூன்று வரியை மட்டும் தனி அடைப்புக்குள் போடலாம். எனக்கு இதுதான் பிடிக்கும். எல்லை கண்ணெதிரே தெரியும்.

இன்னொரு குழி இருக்கு, இதைக் கவனமாகக் கேளுங்க. தானாகச் சுத்தம் பண்ணுகிற வேலை தலைகீழ் வரிசையில் நடக்கும். கடைசியில் அறிவிச்சது முதலில் கழலும். ஒரு பாயிண்டரை ஃபங்ஷனின் தலையிலேயே வெறுமையாக அறிவிச்சு வெச்சிட்டு, அப்புறம் பூட்டைப் போட்டு, அப்புறம் அந்தப் பாயிண்டரில் ஒரு பொருளை வைக்கிறீங்க. வெளியேறும்போது முதலில் பூட்டு திறந்திடும். அதுக்கப்புறம்தான் அந்தப் பொருளைப் பொதுப் பட்டியலிலிருந்து நீக்குகிற வேலை ஓடும், பூட்டே இல்லாமல். அந்த நேரம் பார்த்து இன்னொரு த்ரெட் அதே பட்டியலில் கை வெச்சா? பார்க்க சுத்தமான கோடு, ஒரு கோடூ கூட இல்லை, ஆனால் பட்டியல் உடைஞ்சு போயிருக்கும். அதனால் அறிவிப்பையும் முதல் மதிப்பையும் ஒரே வரியில், பூட்டுக்குப் பிறகு எழுதணும். ஒரே ஃபங்ஷனில் கோடூவையும் கார்டையும் கலக்கவும் கூடாது.

கர்னலில் நுழைய ஆசைப்படுகிற மாணவர்கள் நிறைய பேர் கேட்கிறீங்க. பழைய கோடூக்களை எல்லாம் கார்டா மாத்தி பேட்ச் அனுப்பலாமான்னு. ஓடிக்கிட்டிருக்கிற கோடைச் சும்மா மாத்தினா பல மெயின்டெய்னர்கள் வாங்க மாட்டாங்க. அதைவிட ‘ஸ்மாட்ச்’ என்ற கருவியை ஓட்டிப் பாருங்க. எந்த வழியில் பூட்டு திறக்காமலே வெளியேறுதுன்னு அது காட்டிக் கொடுக்கும். உண்மையான ஓட்டை ஒன்று கிடைச்சா, அங்கே கார்டைப் போட்டு அனுப்புங்க.