கொம்பும் தோப்பும்: கொல்லாமைக்கு ஆகும் செலவு



தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே அமைந்த மேலகரம் சிற்றூரே ஆயினும் தமிழிலக்கியத்தில் அதற்குப் பேரிடம் உண்டு. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் அது. அந்நூலில் குறத்தி தன் மலைவளத்தை எடுத்துரைக்கும்போது, யானையின் கொம்பை ஒடித்து அதனைக் கொண்டே தினை இடிப்பதாகப் பெருமை பேசுகிறாள். இது கவிஞர்க்கே உரிய மிகையாக இருக்கலாம். அக்கொம்பு எப்படிக் கிடைத்தது என்பதையும் அவள் சொல்லவில்லை. ஆயினும் ஒன்று தெளிவு: அவள் அதனை விற்கவில்லை. அரசரின் அரியணைக்கு ஏறும் பொருள் அவள் முற்றத்தில் உலக்கையாகக் கிடந்தது.

கொம்பை விலைகொடுத்து வாங்குவோர் அம்மலைக்கு அப்பால் இருந்தனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முசிறி வணிகப் பத்திரம் ஒன்று வியன்னா நகரில் பாதுகாக்கப்படுகிறது. ஹெர்மபொல்லோன் என்னும் கப்பலில் சேரநாட்டுத் துறையிலிருந்து மேற்கே சென்ற சரக்குகளுள் யானைத் தந்தமும் இருந்ததை அது காட்டுகிறது. 1851இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்குத் திருவிதாங்கூர் மன்னர் விக்டோரியா அரசிக்கு அனுப்பிய அன்பளிப்பு தந்தத்தாலான அரியணை ஆகும். மேலகரத்திலிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள செங்கோட்டை 1956 வரை அத்திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

வாங்குவோனுக்குக் கொலையில் பங்கு உண்டா என்னும் வினாவைச் சமண ஆசிரியர்கள் நெடுங்காலம் முன்பே எழுப்பி விடையும் கண்டனர். இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து கொடுந்தொழில்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. கரி சுடுதல், காட்டுக்குத் தீயிடுதல், நீர்நிலை வற்றச்செய்தல், நஞ்சு விற்றல் முதலியவற்றோடு தந்த வாணிகமும் அதில் இடம்பெறுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவேதாம்பர ஆசிரியர் ஹேமசந்திரர் தம் யோகசாத்திரத்தில் இதற்குத் தரும் விளக்கம் கூர்மையானது. தந்தம், மயிர், நகம், எலும்பு, தோல் ஆகியவற்றை அவை விளையும் இடத்திற்கே சென்று வாணிகத்தின் பொருட்டுக் கொள்வதையே அவர் தந்த வாணிகம் என்கிறார். வணிகன் காட்டின் வாயிலில் பணப்பையோடு நின்றால், நேற்றுவரை உயிரோடிருந்த யானை நாளை சரக்காகிவிடும். வில்லைத் தொடாத வணிகனும் அக்கொலையில் பங்காளி ஆகிறான். திகம்பர ஆசிரியர் ஆசாதரரும் இல்லறத்தார் ஒழுக்கம் கூறுமிடத்து இக்கொடுந்தொழில்களைக் குறிப்பிடுகிறார். திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரத்தை ஓதியவர்க்கு இக்கருத்து புதிதன்று. உண்பவனை விட்டுவிட்டு விற்பவனை மட்டும் பழிப்பதை வள்ளுவரும் ஏற்கவில்லை.

இனி, குற்றால மலைத்தொடருக்கு வடக்கே செல்வோம். பெரியாறு காடு அங்கிருந்து தொலைவில் இல்லை. ஆசிய யானைகளில் பெண்ணுக்கு வெளித்தெரியும் கொம்பு இல்லை, ஆணுக்கே உண்டு. ஆகவே கள்ள வேட்டையாடுவோர் ஆண் யானைகளையே தேடித்தேடிச் சுட்டனர். 1970களிலும் 1980களிலும் இவ்வேட்டை உச்சத்தில் இருந்தது. அதன் முடிவில் பெரியாற்றுக் காட்டில் வளர்ந்த ஆண் யானை ஒன்றுக்கு நூறு பெண் யானைகள் என்னும் நிலை வந்துவிட்டதை ஆய்வாளர்கள் கண்டனர். யானைகளைத் தலையெண்ணிப் பார்ப்பவருக்கு இவ்வழிவு உடனே புலப்படாது. பிடிகள் கூட்டம் கூட்டமாக மேய்ந்துகொண்டுதான் இருந்தன, கன்றுகள்தாம் அருகின. எண்ணிக்கை குறையாமலே ஓர் இனம் தேயக்கூடும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை. சத்தியமங்கலக் காடுகளில் வீரப்பன் பெயரால் நடந்தவற்றை நாடறியும். பெரியாற்றில் நடந்ததற்கு அப்படி ஒரு பெயரோ முகமோ இல்லாமற்போனதால் அது பலருக்குத் தெரியாமலே போயிற்று.

சட்டம் மெல்ல விழித்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977இல் யானை அதன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 1986இல் இந்திய யானைத் தந்த வாணிகம் தடைசெய்யப்பட்டது. ஆனால் ஆப்பிரிக்கத் தந்தம் என்று சொல்லி விற்கும் வாயில் திறந்தே இருந்தது. செதுக்கிய சிலையைப் பார்த்து அது எந்தக் கண்டத்து யானையுடையது என்று கடைக்காரர் சொல்வதை யார் மறுக்க முடியும்? அவ்வாயிலையும் 1991இல் அடைத்தனர். அதற்கு முன்பே, 1989இல், அழியும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையில் ஆப்பிரிக்க யானைக்கும் முழுத்தடை கொண்டுவரப்பட்டிருந்தது. பத்தாண்டுகளில் அக்கண்டத்து யானைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்த காலம் அது. கென்யக் குடியரசுத் தலைவர் டேனியல் அராப் மோய் அவ்வாண்டு 12 டன் தந்தத்தை நைரோபியில் பொதுமக்கள் முன் தீக்கிரையாக்கினார். 2016இல் அந்நாடு மீண்டும் 105 டன்னை எரித்தது.

எரித்த செயலைப் பாராட்டாத சமணர் இருக்கமுடியாது. ஆயினும் தெற்கு ஆப்பிரிக்க நாடுகள் அதனைப் பாராட்டவில்லை. போட்சுவானா, நமீபியா, சிம்பாப்வே ஆகியவை தம்மிடம் யானைகள் பெருகியிருப்பதாகவும், இயற்கையாக இறந்த யானைகளின் கொம்பை விற்றால் காட்டைக் காக்கப் பணம் கிடைக்கும் என்றும் வாதிட்டன. சேர்த்துவைத்த இருப்பை விற்க 1999இல் ஒருமுறை சைட்டிஸ் ஒப்புதல் அளித்தது, ஜப்பான் வாங்கியது. 2008இல் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்துகொள்ள, சீனாவும் ஜப்பானும் வாங்கின. நல்ல தந்தம், கள்ளத் தந்தம் என்று இரண்டு சந்தை உருவானவுடன் கள்ளத்துக்கு நல்லதன் போர்வை கிடைத்தது என்பது தடையை ஆதரிப்போர் கூற்று. வேட்டை பெருகியதற்கு அவ்விற்பனைதான் காரணமா என்பதில் பொருளியல் அறிஞர்களிடையே இன்றும் உடன்பாடு இல்லை. 2016இல் வெளியான மாபெரும் யானைக் கணக்கெடுப்பு 18 நாடுகளில் 3,52,271 புல்வெளி யானைகளைக் கண்டது. 2007க்கும் 2014க்கும் இடையே அவற்றில் முப்பது விழுக்காடு குறைந்துவிட்டதாகக் கணித்தது. சீனா தன் நாட்டுத் தந்தச் சந்தையை 2017இன் இறுதியில் மூடியது. ஹேமசந்திரர் சொன்ன இடத்திற்கே உலகம் சுற்றிவந்து சேர்ந்தது எனலாம்.

வாணிகத்தைப் பொறுத்தவரை விடை இவ்வாறு எளிது. ஆனால் ஆப்பிரிக்க விவாதத்தில் இன்னொரு பாதி உண்டு. தந்தச் செய்தி படிக்கும் நகரத்தார் அதனைப் படிப்பதில்லை. போட்சுவானாவில் 1,30,000 அளவில் யானைகள் உள்ளன. வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. அந்நாடு 2014இல் வேட்டையைத் தடைசெய்தது; பயிரிழந்த சிற்றூரார் முறையீட்டைக் காரணங்காட்டி 2019இல் தடையை நீக்கியது. வேட்டைப் பரிசுப் பொருள்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்த ஜெர்மனி 2024இல் எண்ணியபோது, குடியரசுத் தலைவராக இருந்த மசிசி, 20,000 யானைகளை ஜெர்மனிக்கே அனுப்பிவிடுவதாகச் சினந்துரைத்தார். கேட்டவர் நகைத்தனர். அச்சொல்லில் நகைப்புக்கு உரியது பாதிதான். சிம்பாப்வே 1989 முதல் கேம்ப்ஃபயர் என்னும் திட்டத்தின்கீழ் வேட்டை வருவாயை ஊர்களுக்குப் பகிர்ந்தது. அதிலும் பெரும்பகுதி மாவட்ட மன்றங்களிலேயே தங்கி, யானையோடு வாழும் குடும்பத்தின் கைக்குச் சிறிதே வந்தது என்பது பலரும் கூறிய குறை.

வேட்டைப் பணத்தால் காடு காக்கும் வழியைச் சமணர் ஏற்க இயலாது, அதில் ஐயமில்லை. ஆனால் அவ்வழியை மறுப்பவர், அதனை முன்வைத்த குடியானவனின் இழப்புக் கணக்கையும் சேர்த்து மறுத்துவிட முடியாது. அந்தக் கணக்கைப் பார்க்க ஆப்பிரிக்கா செல்ல வேண்டுவதில்லை. மேலகரத்திலிருந்து பண்பொழி வழியாக வடகரை, மேக்கரை பக்கம் சென்றால் போதும். அடவிநயினார் அணையின் அடிவாரத்தில் தென்னந்தோப்பும் வாழையும் மாவும் நெல்லும் மலைக்காட்டை ஒட்டியே கிடக்கின்றன. இரவில் யானைகள் இறங்குகின்றன. தென்னங்குருத்து அவற்றுக்கு இனிப்பு. நட்டு நீரூற்றி ஐந்தாறு ஆண்டு காத்திருந்து காய்ப்புக்கு வந்த மரத்தை ஒரே இரவில் சாய்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். இழப்பீடு என்பது மரத்துக்குத் தரப்படுவது. காத்திருந்த ஆண்டுகளுக்குத் தரப்படுவதன்று. பட்டா ஒருவர் பெயரிலும் பாடு வேறொருவர் தோளிலும் இருக்கும் குத்தகைத் தோப்புகளில், வருகிற பணம் யார் கைக்குச் சேர்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

இங்கே திகம்பர மரபில் பலரும் கேட்டுவந்த ஒரு கதையை நினைவூட்டலாம். பார்சுவநாதர் தம் முற்பிறவி ஒன்றில் வஜ்ரகோஷம் என்னும் யானையாக இருந்தார். காட்டில் தங்கியிருந்த வணிகக் கூட்டத்தின்மேல் அது மதங்கொண்டு பாய்ந்தது. நடுவே தியானத்தில் நின்ற அரவிந்த முனிவரைக் கண்டதும் முன்னைப் பிறவி நினைவு வர, சினம் அடங்கிற்று. முனிவரிடம் நோன்பேற்று, உலர்ந்த தழையை உண்டு வாழ்ந்தது. விழாக்காலங்களில் இக்கதையைச் சொல்பவர் பெரும்பாலும் யானையின் பெருமையைச் சொல்லி முடிப்பர். இன்னொன்றும் அதில் இருக்கிறது. புராண யானை நோன்பேற்றது. வடகரைத் தோப்பில் இறங்கும் யானைக்கு நோன்பு தர எந்த முனிவரும் இல்லை. எனவே அந்நோன்பு முழுவதும் தோப்புக்காரர்மேல் விழுகிறது. வெடி வெடித்தும் தகரம் தட்டியும் விடியும்வரை விழித்திருந்தும், அவர் கொல்லாமல் இருக்கிறார். கொல்லா நோன்பை மேடையில் போற்றுவோர்க்கு அதற்காக ஒரு காசு செலவில்லை. அவருக்கோ அது ஆண்டு வருமானம்.

அந்நோன்பு முறிந்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டத்தில் மாரண்டஅள்ளி அருகே, பயிர் காக்கக் கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. தந்தத்திற்காக நடந்த கொலையன்று அது. ஓர் உழவரின் அச்சத்திலும் கடனிலும் பிறந்தது. அவ்வாண்டே மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. உயிர் பறிக்காமல் அதிர்ச்சி மட்டும் தரும் சூரிய மின்வேலி நல்லதே. ஆனால் அதனை அமைக்கவும், கொடி படராமல் நாள்தோறும் பேணவும் பணமும் ஆளும் வேண்டும். சிறு தோப்புக்காரரால் தனியே அது ஆகாது. தோப்புகள் ஒன்றுசேர்ந்து அமைத்தால் ஆகும். அதற்கு வெளியிலிருந்து முதல் வேண்டும். சமண அறக்கட்டளைகள் கோசாலைகளுக்கும் பறவை மருத்துவமனைகளுக்கும் காலங்காலமாகக் கொடை தந்துள்ளன. அடிவாரத்து வேலிக்கும் இரவுக் காவலுக்கும் தரும் கொடை அவ்வரிசையில் சேராதென்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

இன்னொரு செய்தியும் இம்மலையைச் சார்ந்ததே. புளியரைக்கு மேற்கே ஆரியங்காவு வழியாகச் செல்லும் செங்கோட்டைக் கணவாய், மேற்குத் தொடர்ச்சி மலையை இரண்டாகப் பிரிக்கிறது. தெற்கே அகத்தியமலை யானைகள். வடக்கே பெரியாறு, ஸ்ரீவில்லிபுத்தூர் மலை யானைகள். 1904இல் அவ்வழியே கொல்லத்திற்குப் புகைவண்டி ஓடியது; 2018இல் அப்பாதை அகலப்பாதையாயிற்று. நெடுஞ்சாலையில் இரவு பகலாகச் சரக்கு லாரிகள் செல்கின்றன. இருபுறத்து யானைகளும் ஒன்றோடொன்று கலப்பது பெரிதும் அருகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இலும், அகத்தியமலை யானைகள் காப்பகம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. இரு காப்பகங்களுக்கும் இடையே கிடக்கும் அந்தக் குறுகிய கணவாயில்தான் வழிமறிக்கப்பட்ட யானை திரும்பி, அடிவாரத் தோப்பை நாடுகிறது. அங்கே தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு மலை பச்சைப்பசேலென்று ஒரே தொடராகத் தெரியும்.

சாரல் பொழியும் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்து அருவிகளில் கூட்டம் நெரியும். மேலகரத்துச் சாலையில் வண்டிகள் வரிசையாக நிற்கும். நீராடி மகிழ்ந்து அவர்கள் உறங்கப்போன பின்னர், வடகரைப் பக்கத்துத் தோப்புகளில் வெடிச்சத்தம் எழும்.