தங்கம் வெட்டியவர்களும் தலைவிதியும்

(திருவண்ணாமலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



கோலார் தங்கவயலின் சரித்திரத்தை இந்தத் திருவண்ணாமலையில் பேச என்ன அவசியம் என்று சிலர் நினைக்கக்கூடும். அவசியம் உண்டு. அந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கியவர்களில் பெரும் பகுதியார், இவ்வூரும் சேர்ந்திருந்த பழைய வட ஆற்காடு ஜில்லாவிலிருந்தும், சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்தும் போன ஆதிதிராவிடத் தோழர்களேயாவார்கள்.

அவர்கள் ஏன் போனார்கள்? தங்க ஆசையாலா? இல்லை. சொந்த ஊரில் அவர்களுக்கு நிலமில்லை, நியாயமான கூலியில்லை, பொதுத்தெருவில் நடக்க யோக்கியதையில்லை என்றார்கள். கோயிலைத் திறந்துவிடுவதற்குக்கூட சென்னை மாகாணத்தில் 1947-ல் ஒரு சட்டம் செய்ய வேண்டியிருந்தது. மண்ணுக்கு மேலே இடம் கொடாததால்தான் மண்ணுக்குக் கீழே போனார்கள்.

1880-ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கு வேலையை ஆரம்பித்தார்கள். சுமார் 120 வருஷத்தில் 800 டன் அளவுக்குத் தங்கம் எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போயிற்று. அடியில் பாறையே கொதிக்கும். திடீரென்று வெடித்து ஆளை நசுக்கும். தப்பியவர்களில் பலருக்குக் கல்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோய் வந்தது. லாபம் லண்டன் பங்குதாரருக்குப் போயிற்று. ராயல்டி மைசூர் சர்க்காருக்குப் போயிற்று. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பங்களூர் நகரத்துக்கே 1905-ல்தான் அது கிடைத்தது. ஆனால் இயந்திரத்துக்கு மின்சாரம் வந்த ஊரில், தொழிலாளிக்குக் கிடைத்தது மூங்கில் தட்டி வீடு!

இதற்குப் பெயர் தலைவிதியா? தலைவிதி என்றால், அந்த விதி ஒரே ஜாதியார் தலையிலேயே தவறாமல் எழுதப்படுவானேன்?

அந்தத் தோழர்கள் விதியை நம்பிச் சும்மா இருக்கவுமில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை கண்டார்கள். பண்டிதர் 1907-ல் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகை அவருக்குப்பின் நின்றுபோக, 1926-ல் தங்கவயலிலிருந்தே அதை அப்பாதுரையார் மறுபடி நடத்தினார். 1930-ல், குற்றவாளிகளைப்போல் தங்களிடம் கைரேகை வாங்குவதை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரில் "ஆண்டே" என்று குனிந்து நின்றவர்களின் பிள்ளைகள் அங்கே பத்திரிகை படித்தார்கள், சங்கம் வைத்தார்கள், மானத்துக்காக நின்றார்கள். நம்மைக் கேட்டால் தங்கவயல் கொடுத்த மெய்யான தங்கம் இதுதான் என்போம்.

வெள்ளைக்காரன் போனபின் என்ன ஆயிற்று? 1956-ல் சுரங்கம் மைசூர் சர்க்காருக்கு வந்தது. 1962-ல் மத்திய சர்க்காருக்குப் போனது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆயிற்று. தங்கம் குறைந்து செலவு மிஞ்சியதால் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அன்றுமுதல் அந்த ஊர் ஜனங்கள் பிழைப்புக்காக விடியுமுன் ரயிலேறி பங்களூருக்குப் போய்வருகிறார்கள். அவர்களுக்கு மிஞ்சியது, தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மேடு. அதைச் சயனைடு மலை என்கிறார்கள். காற்றடித்தால் அதன் தூள் வீட்டுக்குள் வருகிறது.

தோழர்களே, இங்கேயும் ஒரு மலை இருக்கிறது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் அதைச் சுற்றுகிறார்கள். தீபத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோ நெய் எரிகிறது. அந்தச் சயனைடு மலையைச் சுற்றி வர யார் இருக்கிறார்கள்? அட்சய திருதியையன்று குண்டுமணித் தங்கம் வாங்கினால் செல்வம் பெருகும் என்று கடைவாசலில் நிற்கிறோமே, நாலு தலைமுறையாக ஒவ்வொரு அட்சய திருதியையிலும் தங்கத்தைக் கையாலேயே தொட்டு வெட்டியவன் வீட்டில் ஏன் பெருகவில்லை? புரோகிதர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நாம் சொல்லும் பதில் சுருக்கமானது. பாடுபட்டவனுக்குப் பங்கில்லாமல் செய்தது கடவுளல்ல. மனிதன் செய்த ஏற்பாடு. மனிதன் செய்ததை மனிதன் மாற்ற முடியும். அதற்கு முதலில் விதியென்ற சொல்லை நம் வாயிலிருந்து எடுத்தெறிய வேண்டுமென்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.