ஆபத்துக்குப் படி கேட்போமா?



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மலக்குழியைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதும் வராமல் நின்றுவிடுவதும் அக்குழியோடு தொடர்புடையன, ஆதலால் பேசுகிறோம்.

ஆபத்தான வேலைக்குக் கூடுதல் ஊதியம் கேட்பது முறையே. சியாச்சின் பனிமலையில் நிற்கும் போர்வீரர்க்குரிய படி 2017-இல் மாதம் 30,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அப்பனியை எந்த இயந்திரத்தாலும் அகற்ற இயலாது. எனவே படி கொடுக்கிறார்கள், கொடுக்கவும் வேண்டும்.

மலக்குழி அத்தகையதன்று. வீட்டுக்காரர் கூலிக்கு மேல் ஐந்நூறு ரூபாய் தருவதாகச் சொல்வார். இறங்குமுன் குடிக்கவும் காசு கொடுப்பார். இதைக் கூடுதல் ஊதியம் என்று நாம் ஒப்ப மாட்டோம். தொட்டிக்குள் தேங்கிய ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தாலோ மூக்கு உணர்விழந்துவிடும். நாற்றம் போயிற்று, இனி அஞ்சவேண்டியதில்லை என்று எண்ணும் வேளையில்தான் மனிதன் மயங்கி விழுகிறான். அவனைத் தூக்க இறங்கும் தம்பியும் மடிகிறான்.

பாதுகாப்புக் கருவியின்றி இவ்வாறு இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டது. அண்ணல் அம்பேத்கர் மறைந்த நாளாகிய டிசம்பர் 6-இல் அது நடைமுறைக்கு வந்தது. முதற் குற்றத்திற்கே ஈராண்டுவரை சிறையோ இரண்டு இலட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதனை 30 இலட்சமாக்கியது. செத்தபின் முப்பது இலட்சம், இறங்குமுன் ஐந்நூறு! இவ்விரண்டு விலைகளையும் எழுதி வைத்துப் பாருங்கள்.

மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் 2018-லேயே ஆள்நுழை குழிக்குள் இயந்திரக் கையை இறக்கினார்கள். நம் உத்தமபாளையத்து வீட்டுத் தொட்டிக்கு அதுகூட வேண்டா; குழாய் பூட்டிய லாரி போதும். அந்த லாரியில் வேலை செய்வோர்க்கு நிரந்தரப் பணி, வருங்கால வைப்பு நிதி, கையுறை, மருத்துவச் சோதனை, அவற்றோடு ஆபத்துப் படியும் கேட்போம். அதில் நமக்குத் தயக்கமில்லை. குழிக்குள் இறங்குவதற்கு மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் விலை பேசலாகாது.

யாரேனும் அழைத்தால், 14420 என்ற எண்ணுக்குச் சொல்லி லாரியை வரவழைக்குமாறு வீட்டுக்காரரிடம் கூறுங்கள். ஒருவர் ஏற்கெனவே விழுந்துவிட்டிருந்தால், உறவினராயினும் பின்னால் இறங்காதீர்கள். 112-ஐ அழைத்துத் தீயணைப்புப் படையினரை வரவழையுங்கள். இவ்விரு எண்களையும் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்; எழுதத் தெரியாத பெரியவர்க்கு உங்கள் பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.