ஹவுஸ் பார்ட்டி: யார் வீடு, யார் பார்ட்டி?

'சனிக்கிழமை ஹவுஸ் பார்ட்டி, வந்துடு'ன்னு மெசேஜ் வந்தா நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு ஃப்ளாட், ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், பத்து மணிக்கு மேல கதவைத் தட்டுற அசோசியேஷன் செக்ரட்டரி.

நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்து பணக்காரர் ஒருத்தர்கிட்ட இதையே சொல்லியிருந்தா, அவர் பெட்டி கட்டியிருப்பார். கிராமப்புறத்துல மாளிகை வெச்சிருந்தவங்க சனிக்கிழமை விருந்தாளிகளை வரவழைச்சு, திங்கட்கிழமை வரைக்கும் தங்க வைப்பாங்க. வேட்டை, சாப்பாடு, சீட்டாட்டம். அப்படித் தங்குற கூட்டத்துக்கே 'ஹவுஸ் பார்ட்டி'ன்னுதான் பேர். அகதா கிறிஸ்டி நாவல்கள்ல கொலை நடந்ததும் சந்தேகம் விழறது பெரும்பாலும் இந்தக் கூட்டத்து மேலதான். அதாவது, பார்ட்டின்னா ஆட்கள். நமக்கும் இது புதுசு இல்ல. வீட்டு புரோக்கர் 'பார்ட்டி கிளம்பிட்டாங்க சார்'னு சொல்றாரே, அதே பார்ட்டி!

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை நியூயார்க்கோட ஹார்லெம்ல நடந்தது. 1920-கள். அங்கே கறுப்பின மக்களுக்குச் சம்பளம் குறைவு. ஆனா, வெள்ளையர்கள் கொடுத்ததைவிட வாடகை அதிகம். வாடகை நாள் நெருங்கினா என்ன பண்றது? மேஜை நாற்காலியை ஓரங்கட்டிட்டு, பியானோ வாசிக்க ஒருத்தரைக் கூப்பிட்டு, வீட்டையே சனிக்கிழமை ராத்திரி திறந்து விட்டாங்க. நுழைவுக் கட்டணம் சில்லறைக் காசுதான். பொரிச்ச மீன் தனிக் காசு. மதுவிலக்கு காலம்கிறதால சரக்கு கள்ளச்சரக்கு. ஃபேட்ஸ் வாலர், ஜேம்ஸ் பி. ஜான்சன் மாதிரி ஜாஸ் ஜாம்பவான்கள் எல்லாம் இந்த வீடுகள்ல விடிய விடிய வாசிச்சவங்க.

அழைப்புக்குச் சின்னச் சின்ன கார்டு அச்சடிப்பாங்க. அதுல பெரும்பாலும் 'வாடகை'ங்கிற வார்த்தையே இருக்காது. கௌரவம் இருக்கில்ல! கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அந்த கார்டுகளைத் தேடித்தேடிச் சேர்த்து வெச்சிருந்தார்.

1973 ஆகஸ்ட் 11 அன்னைக்கு, அதே நியூயார்க்ல பிராங்ஸ் பகுதி. சிண்டி கேம்ப்பெல்னு ஒரு பொண்ணு, ஸ்கூலுக்குப் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க, தன்னோட அபார்ட்மென்ட் கட்டடத்துப் பொது அறையில பார்ட்டி வெச்சாங்க. பாட்டு போட்டது அண்ணன் கூல் ஹெர்க். பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட். ஹிப் ஹாப் பிறந்த நாள்னு இன்னைக்குக் கொண்டாடுறது அந்த ராத்திரியைத்தான்.

நம்ம ஊர்ல அக்ரிமென்ட் போடும்போதே ஓனர் 'பார்ட்டி எல்லாம் கூடாது தம்பி'ன்னு சொல்லிடுறார். ஹார்லெம்ல வாடகை கட்டத்தான் பார்ட்டியே வெச்சாங்கன்னு அவர்கிட்ட சொல்லிப் பாருங்க. அட்வான்ஸ் திரும்பி வருமான்னு மட்டும் என்கிட்ட கேட்காதீங்க.